பட்டினி கிடக்கும் ஈ. கோலையில் பிபிஜிபிபி புள்ளி தெரியவில்லை: பிழை எங்கே?

1 | கோலுயிரி

வணக்கம். பட்டினியில் பாக்டீரியா செய்யும் சமிக்ஞை மூலக்கூறான பிபிஜிபிபியை (ppGpp) அளக்க முயல்கிறேன். ஈ. கோலையின் பிடபிள்யூ25113 ஸ்ட்ரெயினும், அதில் பிபிஜிபிபி செய்யும் நொதிக்கான ரெல்ஏ மரபணுவை நீக்கிய வகையும் எம்9 குளுக்கோஸ் மீடியத்தில் 37 டிகிரியில் வளர்கின்றன. ஓடி600 (செல் அடர்த்தி காட்டும் கலங்கல் அளவு) 0.5 வந்ததும் கேரியர் (கதிரியக்கமற்ற பாஸ்பேட்) சேர்க்காத கதிரியக்க பாஸ்பரஸ்-32 ஆர்த்தோபாஸ்பேட், மி.லி.க்கு 100 மைக்ரோகியூரி. 10 நிமிடம் கழித்து பட்டினி உண்டாக்கும் மருந்தான செரீன் ஹைட்ராக்சமேட், மி.லி.க்கு 1 மி.கி. அடுத்த 15 நிமிடத்தில் 1 மி.லி. எடுத்து, 4 டிகிரியில் 10 நிமிடம் சென்ட்ரிஃப்யூஜ். பெல்லட்டை ஃபார்மிக் அமிலத்தில் கரைத்து, பிஈஐ செல்லுலோஸ் தகட்டில் டிஎல்சி (மென்படல வண்ணப்பிரிகை).

மருந்து போட்டதும் ஓடி கோடு படுத்துவிடுகிறது, வளர்ச்சி நிற்பது உறுதி. ஆனால் தகட்டில் பிபிஜிபிபி இருக்க வேண்டிய இடம் வெறுமை. ஜிடிபி கூட மங்கல்தான். இரண்டு வகைக்கும் வித்தியாசமே இல்லை. மருந்து பழசாகிவிட்டதா?

2 | ரைபோ70

மருந்தின் மேல் பழி வேண்டாம். வளர்ச்சி நின்றதே, அது வேலை செய்கிறது. செரீன் ஹைட்ராக்சமேட் செரில்-டிஆர்என்ஏ சிந்தெட்டேஸை அடைக்கிறது. செரீன் ஏறாத வெறும் டிஆர்என்ஏ ரைபோசோமின் ஏ தளத்தில் வந்து உட்காருகிறது. ரெல்ஏ அதை உணர்ந்து, ஏடிபியின் பைரோபாஸ்பேட்டை ஜிடிபி அல்லது ஜிடிபியின் 3' முனையில்... மன்னிக்கவும், தமிழில் எழுதும்போது இரண்டும் ஒரே எழுத்தாகிவிடுகின்றன: குவனோசின் டைபாஸ்பேட் அல்லது டிரைபாஸ்பேட்டின் 3' முனையில் ஒட்டுகிறது. முன்னதிலிருந்து வருவது பிபிஜிபிபி, பின்னதிலிருந்து வருவது பிபிபிஜிபிபி. இந்த இழையில் "ஜிடிபி" என்று வரும் இடமெல்லாம் டிரைபாஸ்பேட் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிழை மீடியத்தில். எம்9ல் பாஸ்பேட் எவ்வளவு என்று கணக்குப் போட்டீர்களா? 1 லிட்டருக்கு டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் ஹெப்டாஹைட்ரேட் 12.8 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 3 கிராம். சேர்த்தால் சுமார் 70 மி.மோலார். நீங்கள் ஊற்றும் கதிரியக்கப் பாஸ்பேட் அந்தக் கடலில் கரைத்த பெருங்காயம். செல் உறிஞ்சுவதில் பெரும்பகுதி சாதாரணப் பாஸ்பேட்தான். ஜிடிபியே மங்கலாக இருப்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

மாப்ஸ் மீடியத்துக்கு மாறுங்கள். அதன் வழக்கமான பாஸ்பேட் 1.32 மி.மோலார். லேபிளிங்குக்கு (கதிரியக்கப் பாஸ்பேட்டை ஏற்றுவதற்கு) 0.2 முதல் 0.4 வரை குறைக்கலாம். லேபிளை 10 நிமிடம் முன்பு சேர்ப்பதும் போதாது. ஒன்று அல்லது இரண்டு தலைமுறை முன்பே சேர்த்தால்தான் எல்லா நியூக்ளியோடைடுகளிலும் ஒரே அளவில் கதிரியக்கம் ஏறும். இல்லாவிட்டால் பின்னால் விகிதம் கணக்கிடவே முடியாது.

3 | நெய்தல்_உயிர்வேதி

ரைபோ70 சொன்னது சரி. ஆனால் அதை மட்டும் திருத்தினால் புள்ளி வந்துவிடாது. பெரிய பிழை அந்த 10 நிமிட சென்ட்ரிஃப்யூஜ்.

பிபிஜிபிபியை உடைப்பது ஸ்பாட்டி என்ற நொதி. அது இயங்கும் செல்லில், உற்பத்தி நின்றால் பிபிஜிபிபியின் அரை ஆயுள் அரை நிமிட அளவுதான். நீங்கள் குழாயை மூடி, ரோட்டரில் வைத்து, சமன் செய்து, சுழற்றி முடிப்பதற்குள் எத்தனை அரை ஆயுள் போய்விட்டன! அதோடு குழாய்க்குள் ஆக்சிஜன் தீர்கிறது, வெப்பம் 37லிருந்து 4க்கு இறங்குகிறது. குளிரில் இறக்கினால் பிபிஜிபிபி அளவு குறையும் என்பது தெரிந்த விஷயம். ஆக நீங்கள் அளப்பது பட்டினி கிடந்த செல்லை அல்ல, பட்டினியும் குளிரும் மூச்சுத்திணறலும் சேர்ந்து 10 நிமிடம் பட்ட செல்லை.

பெல்லட் எடுக்கவே வேண்டாம். செய்ய வேண்டியது:

குளிர வைத்த 13 மோலார் ஃபார்மிக் அமிலம் 100 மை.லி. ஒவ்வொரு எப்பென்டார்ஃபிலும் முன்கூட்டியே ஊற்றி ஐஸில் வையுங்கள். 98 சதவீத ஃபார்மிக் அமிலம் ஏறத்தாழ 26 மோலார், சம அளவு நீரில் கலந்தால் 13. (அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும், ஃப்யூம் ஹூடுக்குள், கையுறையோடு.) நேரம் வந்ததும் கல்ச்சர் 100 மை.லி. நேராக அதற்குள். உடனே வோர்டெக்ஸ். ஐஸில் 15 முதல் 30 நிமிடம். உறைய வைத்து ஒருமுறை உருக்கினால் இன்னும் நல்லது. பிறகுதான் சென்ட்ரிஃப்யூஜ், 13,000 ஜியில் 5 நிமிடம். மேல்நீரைத்தான் தகட்டில் வைக்க வேண்டும், படிவை அல்ல.

குடுவையிலிருந்து அமிலத்துக்குப் போகும் நேரம் 2 வினாடிக்குள் இருக்கட்டும். குடுவையைக் குலுக்கியிலிருந்து வெளியே எடுத்து மேசையில் வைத்துவிட்டு பிப்பெட்டைத் தேடக் கூடாது.

4 | தட்டுவெப்பம்37

மாதிரி எடுக்கும் நொடியிலேயே குளோராம்ஃபெனிகால் போட்டு நிறுத்திவிட்டு, பிறகு நிதானமாகச் சுழற்றினால் என்ன? புரத உற்பத்தி ஆய்வுகளில் அப்படித்தானே செய்கிறார்கள்?

5 | நெய்தல்_உயிர்வேதி

இந்த அளவீட்டில் அதைவிட மோசமான யோசனை இல்லை. குளோராம்ஃபெனிகால் ரைபோசோமை நிறுத்துகிறது. நின்றால் அமினோ அமிலம் செலவாகாது. செலவாகாவிட்டால் மிச்சமிருக்கும் கொஞ்சம் அமினோ அமிலமும் டிஆர்என்ஏவில் ஏறிவிடும். வெறும் டிஆர்என்ஏ இல்லை என்றால் ரெல்ஏ அமைதியாகிவிடும், ஸ்பாட்டி இருப்பதையும் உடைத்து முடிக்கும். பட்டினி கிடக்கும் கல்ச்சரில் குளோராம்ஃபெனிகால் போட்டால் பிபிஜிபிபி சரிந்து, ஆர்என்ஏ உற்பத்தி மறுபடி தொடங்குவது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விளைவு. அதையே எதிர்மறைக் கட்டுப்பாடாக வைத்துக்கொள்ளலாம்: ஒரு குடுவையில் ஹைட்ராக்சமேட், இன்னொன்றில் அதோடு குளோராம்ஃபெனிகால். இரண்டாவதில் புள்ளி அணைந்தால் நீங்கள் பார்த்தது உண்மையான ரெல்ஏ சமிக்ஞை.

6 | கோலுயிரி

நன்றி. மீடியம், மாதிரி எடுப்பு இரண்டையும் மாற்றுகிறேன். மாப்ஸ் செய்ய நாளாகும். அதுவரை எல்பியில் (ட்ரிப்டோன் கலந்த வழக்கமான மீடியம்) ஹைட்ராக்சமேட் போட்டு வளர்ச்சிக் கோட்டையாவது ஒப்பிடலாமா?

7 | ரைபோ70

எல்பியில் செய்து பயனில்லை. செரீன் ஹைட்ராக்சமேட் செரீனோடு போட்டியிடும் மருந்து. எல்பியில் பெப்டைடாகவும் தனியாகவும் செரீன் இருக்கும், ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது, ட்ரிப்டோன் புட்டி மாறினால் விளைவும் மாறும். அமினோ அமிலங்கள் சேர்த்த மீடியம்தான் வேண்டுமென்றால், செரீன் தவிர மற்ற 19ஐ எடையிட்டுச் சேருங்கள்.

மருந்தை அன்றன்றைக்குக் கரையுங்கள். நீரில் மி.லி.க்கு 20 மி.கி., இதில் 1 பங்குக்குக் கல்ச்சர் 19 பங்கு. ஊற்றும் கரைசல் 37 டிகிரியில் இருக்கட்டும்.

காசு குறைவாக இருந்தால் வேலின் முறையும் உண்டு. ஈ. கோலை கே-12 வம்சத்தில் ஐஎல்விஜி மரபணு சட்டக மாற்றத்தால் செத்துக்கிடக்கிறது. எஞ்சிய இரண்டு அசிட்டோஹைட்ராக்சி அமில சிந்தேஸ்களையும் வேலின் அடைத்துவிடும், ஐசோலியூசின் வராது. மி.லி.க்கு 500 மை.கி. வேலின் போதும். இதில் ஓர் அழகு: மறுபடி ஐசோலியூசின் ஊற்றினால் சமிக்ஞை தணிந்து வளர்ச்சி திரும்பும். ஒரே குடுவையில் ஏற்றமும் இறக்கமும் பார்க்கலாம். சால்மொனெல்லாவில் இது நடக்காது, அதன் ஐஎல்விஜி உயிரோடு இருக்கிறது.

8 | தட்டுவெப்பம்37

எல்லா ஆய்வகத்திலும் இருக்கும் டிஎச்5ஆல்ஃபாவையே ரெல்ஏ இல்லாத கட்டுப்பாடாக வைக்கலாம்தானே? அதன் மரபுவகையிலேயே ரெல்ஏ1 என்று போட்டிருக்கிறது.

9 | ரைபோ70

வைக்கலாம், ஆனால் முடிவு எதையும் அதன் மேல் கட்டாதீர்கள். ரெல்ஏ1 என்பது மரபணு முழுக்க நீங்கியது அல்ல. ஐஎஸ்2 என்ற தாவும் துண்டு நடுவே புகுந்து இரண்டாக வெட்டியிருக்கிறது, துண்டுகளுக்குக் கொஞ்சம் செயல் மிச்சம் உண்டு. மேலும் அந்த ஸ்ட்ரெயினில் ரெக்ஏ, ஜைர்ஏ, தையமின் என்று வேறு குறைகளும் உண்டு, எது எதனால் என்று பிரிக்க முடியாது. கோலுயிரி வைத்திருப்பதுபோல் ஒரே பின்னணியில் ஒரு மரபணு மட்டும் நீங்கிய ஜோடிதான் சரி.

அந்த ஜோடியை மாதம் ஒருமுறை சரிபார்க்க எளிய வழி எஸ்எம்ஜி தட்டு: எம்9 குளுக்கோஸ் அகாரில் செரீன், மெத்தியோனின், கிளைசின் தலா 1 மி.மோலார். ரெல்ஏ உள்ளது வளரும், இல்லாதது வளராது. இந்த மூன்றும் சேர்ந்தால் ஐசோலியூசின் பற்றாக்குறை வருகிறது, ரெல்ஏ இல்லாதவை அதிலிருந்து மீள முடிவதில்லை. பக்கத்தில் அந்த மூன்றும் இல்லாத எம்9 தட்டு ஒன்றும் கட்டாயம். அதில் இரண்டும் வளர வேண்டும்.

10 | நெய்தல்_உயிர்வேதி

ரெல்ஏ, ஸ்பாட்டி இரண்டு மரபணுவையும் நீக்கிய வகை வாங்கப்போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஸ்பாட்டி பிபிஜிபிபியைக் கொஞ்சம் செய்யவும் செய்யும், ஆனால் அதற்கு உடைக்கும் வேலைதான் பெரிது. ரெல்ஏ இருக்கும்போதே ஸ்பாட்டியை நீக்கினால் பிபிஜிபிபி குவிந்து செல் நின்றுவிடும். அதனால் முதலில் ரெல்ஏ, பிறகு ஸ்பாட்டி. இரண்டும் போனபின் பிபிஜிபிபி அறவே இல்லாத வகை, அமினோ அமிலம் சேர்க்காத எம்9ல் வளராது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எல்பியில் மெதுவாக வளரும் இந்த வகையில், ஆர்என்ஏ பாலிமரேஸின் துணை அலகுகளான ஆர்பிஓபி, ஆர்பிஓசி, ஆர்பிஓடி மரபணுக்களில் திரிபு வந்த செல்கள் விரைவாகப் பெருகும். பாலிமரேஸ் தானாகவே பிபிஜிபிபி ஒட்டியதுபோல் நடந்துகொள்ள ஆரம்பிக்கும். ஒரு வாரம் குளிர்பதனப் பெட்டியில் இருந்த தட்டிலிருந்து எடுத்தால் உங்கள் கையில் இருப்பது வேறொரு பாக்டீரியா. ஒவ்வொரு முறையும் கிளிசரால் ஸ்டாக்கிலிருந்து புதிதாகக் கோடிழுத்து, எல்பியில் ஒன்று, எம்9ல் ஒன்று. எம்9ல் ஒரு காலனி வந்தாலும் அந்த நாளின் சோதனையை நிறுத்திவிடுங்கள்.

11 | பாசிலஸ்பக்கம்

குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். பாசிலஸ் சப்டிலிஸில் இதே முறை எடுபடுமா?

12 | ரைபோ70

எடுத்துச் செய்யலாம், ஆனால் ஈ. கோலையின் விளக்கத்தைக் கொண்டுபோகாதீர்கள். ஆர்ஜினின் ஹைட்ராக்சமேட், மி.லி.க்கு அரை மி.கி. அளவில் பயன்படுத்துவார்கள். அங்கே செய்வதும் உடைப்பதும் ஒரே ரெல் நொதி, அதோடு சிறிய சிந்தெட்டேஸ்கள் இரண்டு.

முக்கிய வேறுபாடு வேறு. ஈ. கோலையில் பிபிஜிபிபி நேராக ஆர்என்ஏ பாலிமரேஸில் இரண்டு இடங்களில் ஒட்டுகிறது. ஒன்று பீட்டா பிரைம், ஒமேகா அலகுகளின் சந்தில். இன்னொன்று பீட்டா பிரைமும் டிகேஎஸ்ஏ புரதமும் சேருமிடத்தில். அதனால் ஆர்ஆர்என்ஏ (ரைபோசோம் ஆர்என்ஏ) மரபணுக்களைத் தொடக்கிவைக்கும் புரொமோட்டர்கள் அடங்குகின்றன, அமினோ அமிலம் செய்யும் சில மரபணுக்கள் எழுகின்றன. பட்டினி எதுவும் இல்லாமல் பிபிஜிபிபியை மட்டும் ஏற்றினாலே 5 நிமிடத்தில் 700க்கும் மேற்பட்ட மரபணுக்களின் வெளிப்பாடு மாறுகிறது. பாசிலஸில் டிகேஎஸ்ஏ கிடையாது, பாலிமரேஸில் அந்த ஒட்டும் இடமும் இல்லை. அங்கே பிபிஜிபிபி, ஜிடிபி செய்யும் நொதிகளை அடைக்கிறது, ஜிடிபி இறங்குகிறது, ஜிடிபியில் தொடங்கும் ஆர்ஆர்என்ஏ உற்பத்தி படுக்கிறது. கோடிவை புரதமும் ஜிடிபி குறைந்ததை உணர்ந்து விலகுகிறது. எனவே பாசிலஸ் தகட்டில் ஜிடிபி புள்ளியை அளக்காமல் பிபிஜிபிபியை மட்டும் அளந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

13 | பாசிலஸ்பக்கம்

உப்பு நெருக்கடியிலும் இதே மூலக்கூறா?

14 | நெய்தல்_உயிர்வேதி

பாசிலஸில் பொட்டாசியம், சவ்வூடு அழுத்தம் என்று வந்தால் முதலில் தேட வேண்டியது சுழல் டை-ஏஎம்பி. அது கூடினால் பொட்டாசியம் உள்ளே வருவது அடங்கும். அதை அறவே செய்ய முடியாத வகை, பொட்டாசியம் மிகுந்த மீடியத்தில் வளர முடியாது. இரண்டுக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. சுழல் டை-ஏஎம்பியை உடைக்கும் ஜிடிபிபி என்ற புரதத்தை (இதுவும் பெயர்க் குழப்பம்தான்) பிபிஜிபிபி அடைக்கிறது. விரிவாகப் பேச தனி இழை திறவுங்கள், இங்கே கோலுயிரியின் தகடு முடியட்டும்.

15 | ரைபோ70

சரி, தகடு. டிஎல்சியில் கெடுவது பெரும்பாலும் இந்த இடங்களில்:

ஓட்டுகரைசல் 1.5 மோலார் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், 1 லிட்டருக்கு 204 கிராம். பாஸ்பாரிக் அமிலத்தால் பிஎச் 3.4க்கு இறக்குங்கள். இது கரைதிறன் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் செறிவு. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் அடியில் படிகம் இறங்கி, மேலே மிஞ்சுவது வேறு செறிவு. அறை வெப்பத்திலேயே வையுங்கள்.

தகட்டை முதலில் வெறும் நீரில் ஒருமுறை ஓட்டி உலர்த்துங்கள், மஞ்சள் அழுக்கு மேலேறிவிடும். அடியிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் பென்சில் கோடு. மாதிரி 2 மை.லி. வீதம், ஒவ்வொரு முறையும் குளிர்காற்றில் உலர்த்தி. ஒரேயடியாக 10 மை.லி. வைத்தால் புள்ளி பரந்து, வால் நீண்டுவிடும். ஃபார்மிக் அமிலம் முழுக்க ஆவியாகாமல் ஓட்டினாலும் அதே வால். வெப்பக்காற்று வேண்டாம்.

கீழிருந்து மேலே வரிசை: பிபிபிஜிபிபி, பிபிஜிபிபி, ஜிடிபி, பிறகு ஏடிபி. தனிப் பாஸ்பேட் நுனிக்கருகே பெரிய கறுப்பாக நிற்கும்.

கணக்கிடும்போது பாஸ்பேட் எண்ணிக்கையால் வகுக்க மறக்காதீர்கள். சீராக லேபிள் ஆகியிருந்தால் பிபிஜிபிபிக்கு 4, பிபிபிஜிபிபிக்கு 5, ஜிடிபிக்கு 3. வகுக்காமல் விட்டால் சமிக்ஞை உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.

பாஸ்பரஸ்-32ன் அரை ஆயுள் 14.3 நாள், பீட்டா கதிர் வலுவானது. 1 செ.மீ. அக்ரிலிக் மறைப்பு. ஈயத்தை முதல் மறைப்பாக வைத்தால் எக்ஸ் கதிர் கிளம்பும். இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி பெற்ற ஆய்வகத்தில் மட்டுமே.

16 | தட்டுவெப்பம்37

கதிரியக்க அனுமதி இல்லாத கல்லூரிகளுக்கு வழி உண்டா? எச்பிஎல்சி (உயர்திறன் திரவ வண்ணப்பிரிகை) கருவி இருக்கிறது.

17 | நெய்தல்_உயிர்வேதி

உண்டு, ஆனால் எத்தனை செல் வேண்டும் என்று முதலில் கணக்கிடுங்கள். ஓடி 1ல் 1 மி.லி.க்கு ஏறத்தாழ 80 கோடி செல்கள். ஒரு செல் 1 ஃபெம்டோலிட்டர் என்று வைத்தால் மொத்தச் செல் கொள்ளளவு 0.8 மை.லி. முழுப் பட்டினியில் பிபிஜிபிபி 1 மி.மோலார் அளவுக்கு ஏறும். ஆக 0.8 நானோமோல். அது யுவி உணரியில் தெரிந்துவிடும். ஆனால் பட்டினிக்கு முந்தைய அடிநிலை அதில் சிறு பங்குதான், அதற்குப் பல பத்து மி.லி. கல்ச்சர் வேண்டும்.

அத்தனையையும் அமிலத்தில் நேராக ஊற்ற முடியாது. 0.45 மைக்ரான் வடிதாளில் வெற்றிடம் கொண்டு சில வினாடிகளில் வடித்து, தாளோடு ஐஸில் உள்ள 1 மோலார் அசிட்டிக் அமிலத்தில் போடுங்கள். கழுவக் கூடாது. பிறகு உறைநிலை உலர்த்தல், வலுவான எதிரயனி மாற்றுக் குழாய். பிபிஜிபிபி காரத்தில் சீக்கிரம் உடையும், ஆகவே எந்தப் படியிலும் பிஎச் ஏற விடாதீர்கள்.

எச்பிஎல்சியும் இல்லையென்றால் ஆர்ஆர்என்பி பி1 புரொமோட்டரோடு (ஆர்ஆர்என்ஏ புரொமோட்டர்களில் ஒன்று) லாக்ஸெட் என்ற அறிகுறி மரபணுவை இணைத்த ஸ்ட்ரெயின் மறைமுகமாகக் காட்டும். அது பிபிஜிபிபி அளவீடு என்று எழுதிவிடாதீர்கள். வளர்ச்சி வேகம் எதனால் குறைந்தாலும் அந்தப் புரொமோட்டர் இறங்கும்.

18 | பாசிலஸ்பக்கம்

ஆன்டிபயாடிக்குக்குத் தப்பும் செல்கள் பிபிஜிபிபியால்தான் உருவாகின்றன என்று பாடத்தில் நச்சு-எதிர்நச்சு இணைகளோடு ஒரு படம் வருகிறதே, அதையும் இந்த ஜோடியில் சோதிக்கலாமா?

19 | ரைபோ70

அந்தப் படத்தை நம்பி ஆரம்பிக்காதீர்கள். பிபிஜிபிபி நச்சு-எதிர்நச்சு இணைகளைத் தூண்டி, அதனால் தப்பும் செல்கள் உருவாகின்றன என்ற சங்கிலியை முன்வைத்த 2013 செல் இதழ்க் கட்டுரை 2018ல் திரும்பப் பெறப்பட்டது. ஆய்வில் பயன்பட்ட ஸ்ட்ரெயின்களில் ஃபை80 என்ற பாக்டீரியோஃபேஜ் ஒளிந்திருந்தது. ஆன்டிபயாடிக் கொன்றதாக எண்ணிய செல்களில் பலவற்றை உண்மையில் கொன்றது அந்த வைரஸ். பிபிஜிபிபி கூடினால் வளர்ச்சி மெதுவாகும், மெதுவான செல் பல ஆன்டிபயாடிக்குகளைத் தாங்கும். அது நிற்கிறது. நச்சு-எதிர்நச்சு வழியான அந்தச் சங்கிலி நிற்கவில்லை.

உயிர்பிழைப்புச் சோதனை செய்பவர்கள் ஸ்டாக் எல்லாவற்றிலும் ஃபை80க்குப் பிசிஆர் பார்த்துவிடுங்கள். அது எஃப்எச்யூஏ ஏற்பி வழியாக நுழையும், அதனால் அந்த ஏற்பி இல்லாத ஸ்ட்ரெயின் சுற்றிலும் தொற்று இருந்தாலும் சுகமாக வளரும். அதோடு ஒப்பிட்டுவிட்டு "என் திரிபு பலவீனமானது" என்று எழுதிவிடும் ஆபத்து பெரிது.

20 | கோலுயிரி

மாப்ஸ், பாஸ்பேட் 0.2 மி.மோலார், லேபிள் இரண்டு தலைமுறை முன்பு, கல்ச்சர் நேராக ஃபார்மிக் அமிலத்தில். புள்ளி வந்துவிட்டது. இயல்வகையில் 2 நிமிடத்திலேயே பிபிஜிபிபி அழுத்தமாக, 5 நிமிடத்தில் ஜிடிபி தெளிவாகக் குறைகிறது. ரெல்ஏ நீக்கியதில் அந்த ஏற்றம் இல்லை. குளோராம்ஃபெனிகால் குடுவையிலும் அணைந்துவிட்டது.

ஆனால் மருந்துக்கு முந்தைய 0 நிமிட மாதிரியில், இரண்டு வகையிலும் ஒரு மெல்லிய பிபிஜிபிபி. மாதிரி எடுத்த ஓடி 0.45.

21 | நெய்தல்_உயிர்வேதி

இரண்டு வகையிலும் இருப்பதால் அது ரெல்ஏ செய்ததல்ல, ஸ்பாட்டி செய்தது. அடிநிலை கொஞ்சம் எப்போதும் இருக்கும், ஆனால் உங்கள் ஓடி சந்தேகத்துக்குரியது. செல்லின் உலர் எடையில் பாஸ்பரஸ் 3 சதவீத அளவு. 0.2 மி.மோலார் பாஸ்பேட் ஏறத்தாழ ஓடி 0.5 வரைக்குத்தான் தாங்கும். 0.45ல் நீங்கள் பாஸ்பேட் பட்டினியின் வாசலில் நிற்கிறீர்கள், அதற்கும் ஸ்பாட்டி பிபிஜிபிபியை ஏற்றும். ஓடி 0.15 முதல் 0.2க்குள் தொடங்குங்கள், அல்லது பாஸ்பேட்டை 0.4 ஆக்கி லேபிளையும் இரட்டியுங்கள்.

22 | ரைபோ70

இன்னொன்று. பிடபிள்யூ25113ல் ஆர்பிஎச்-1 திரிபு இருக்கிறது. அது பக்கத்து பைர்ஈ மரபணுவின் வெளிப்பாட்டைக் குறைப்பதால், யுராசில் இல்லாத மீடியத்தில் பிரிமிடின் தட்டுப்பாட்டோடு 10 முதல் 15 சதவீதம் மெதுவாக வளரும். வளர்ச்சி மெதுவாக இருந்தால் அடிநிலைப் பிபிஜிபிபி கூடுதலாகவே இருக்கும். மி.லி.க்கு 20 மை.கி. யுராசில் சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று, இரண்டையும் ஓடி 0.15ல் எடுத்து ஒரே தகட்டில் அடுத்தடுத்த தடத்தில் ஓட்டுங்கள். 0 நிமிடத்துக்கு முன்பாகவே மைனஸ் 5 நிமிட மாதிரி ஒன்றும் எடுத்துவிடுங்கள். அதிலும் 0விலும் புள்ளி ஒரே அளவில் இருந்தால் அது அடிநிலை. 0ல் மட்டும் கூடியிருந்தால் ஏதோ தீர்ந்துகொண்டிருக்கிறது.